தொடக்கப்பள்ளியை எண்ணி வீடு வாங்குவது: பீஷானில் பழைய வீடா, பொங்கோலில் புதிய வீடா?

வாடகைவீட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் இன்னும் சில மாதங்களில் மறுவிற்பனைச் சந்தையில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க எண்ணியிருக்கிறோம். எனக்கு வயது 36, நிரந்தரவாசி. மனைவிக்கு 33, அவரும் மகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மகள் 2023 ஆகஸ்ட்டில் பிறந்தவள் என்பதால் 2030இல் தொடக்கநிலை ஒன்றுக்குச் செல்வாள். நான் திருச்சியில் படித்தவன். மனைவி உயர்நிலைப்பள்ளி வயதில்தான் பெற்றோருடன் இங்கு வந்தார். ஆகையால் இந்நாட்டுத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதில் எங்கள் இருவருக்குமே நேரடி அனுபவம் கிடையாது. முன்னாள் மாணவர் என்ற உரிமையும் இல்லை.

எங்கள் முன் இப்போது இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று பீஷான் தெரு 22ஐ ஒட்டியது. அதன் 99 ஆண்டுக் குத்தகை 1987இல் தொடங்கியது. இந்த வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஐ தோங் பள்ளியும் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியின் தொடக்கப்பிரிவும் வருவதாகவும், அந்தக் காரணத்தால் விலை ஒருபோதும் இறங்காது என்றும் சொத்து முகவர் உறுதியாகச் சொல்கிறார். மற்றொன்று பொங்கோலில், கட்டி முடித்து ஏழு ஆண்டுகளே ஆன வீடு. சற்று பெரியது, பீஷான் வீட்டைவிட ஏறத்தாழ 180,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைவு. அருகில் உள்ள பள்ளிகள் சாதாரண அக்கம்பக்கப் பள்ளிகள். மனைவியின் பெற்றோர் அங் மோ கியோவில் சொந்த வீட்டில் வசிக்கிறார்கள், அவர்களும் நிரந்தரவாசிகள்.

நல்ல பள்ளிக்காக அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பது அறிவுடைமையா, அல்லது அந்தப் பணத்தை மிச்சப்படுத்திப் பிள்ளையின் பிற தேவைகளுக்கு வைத்துக்கொள்வது நல்லதா என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் முகவர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் சொன்ன இரண்டு பள்ளிகளுமே சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். சீனமொழிவழிப் பள்ளிகளின் மரபு அழிந்துவிடாமல் காப்பதற்காக 1979இல் ஒன்பது உயர்நிலைப்பள்ளிகளைக் கொண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் பிற்பாடு தொடக்கப்பள்ளிகளும் இடம்பெற்றன. அப்பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுவது சீனம் ஒன்றே, தமிழ் கிடையாது. மேலும், கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஆண்களுக்கானது. எனவே, உங்கள் மகளைப் பொறுத்தவரை ஒரு பள்ளியில் அவள் சேரவே முடியாது. மற்றொன்றில் சேர்ந்தால் தமிழ்ப் படிப்பைக் கைவிட வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்காகவா 180,000 வெள்ளி?

இது பீஷானுக்கு மட்டும் உரிய சங்கதியன்று. பெற்றோர்கள் வீடு தேடி அலையும் பல பெயர்கள் இதே பட்டியலில்தான் இருக்கின்றன: மரின் பரேடில் தாவ் நான், கிளமெண்டிப் பக்கம் நான் ஹுவா, புக்கிட் தீமா வட்டாரத்தில் நன்யாங், பெய் ஹுவா. இந்த வட்டாரங்களில் வீட்டு விலை உயர்ந்திருப்பதற்கு இப்பள்ளிகளும் ஒரு காரணம். நம் பிள்ளைகளுக்குப் பயன்படாத ஒன்றின் விலையை நாம் ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. பிள்ளை சீனமே படிக்கட்டும் என்று தெரிந்தே முடிவெடுக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், வீட்டில் அந்த மொழி பேசாத பிள்ளைக்கு அது எளிதான வழியும் இல்லை. அதை நன்கு எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், வீட்டை வாங்கிய பிறகு அப்படியொரு நிலைமை இருப்பதைத் தெரிந்துகொள்வது வேறு.

ஆகையால், எந்த வட்டாரத்தில் வாங்கினாலும், அங்குள்ள ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் இருக்கிறதா என்பதை அமைச்சின் இணையப்பக்கத்தில் பார்த்துவிட்டு, பள்ளி அலுவலகத்தையும் தொலைபேசியில் அழைத்து இன்னொரு கேள்வி கேளுங்கள்: தமிழ் வகுப்பு பள்ளி வளாகத்திலேயே, பள்ளி நேரத்திலேயே நடக்கிறதா? தமிழ் மாணவர் மிகக் குறைவாக இருந்தால், பிள்ளை தமிழுக்காக வேறோர் இடத்துக்குச் செல்ல நேரிடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது சோர்வு தரும். சோர்வு மெல்ல மெல்ல மொழியின் மீதே வெறுப்பாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். உயர்நிலையில் நிலைமை சற்று வேறு. பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்களுக்கு பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் தாமாகவே ரயிலேறி அங்கு வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

தெம்பனிஸ் தாய் எழுதியது:

ஆசிரியை அவர்கள் சொன்னதற்கு நன்றி. அதனுடன், சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் “ஒரு கிலோமீட்டருக்குள்” என்ற சொல்லை முகவர்கள் இடம் உறுதி என்பதைப் போலப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது வரிசையில் சற்று முன்னால் நிற்க வைக்கிறது, அவ்வளவுதான்.

பதிவு பல கட்டங்களாக நடக்கும். முதற்கட்டத்தில், அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இடம் கிடைத்துவிடும். அடுத்து 2ஏ கட்டம், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் போன்றோருக்கானது. பிறகு 2பி, பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர், பள்ளியோடு தொடர்புடைய தேவாலயம் அல்லது குலமரபுச் சங்கத்தின் உறுப்பினர் போன்றோர் இதில் வருவார்கள். எந்தத் தொடர்பும் இல்லாத உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு 2சி கட்டம்தான். முன்பு 2சி கட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலும் 20 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. 2022 முதல் அது 40 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்தியும், புகழ்பெற்ற பள்ளிகளில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்களுக்கே குலுக்கல் நடக்கிறது. குலுக்கலில் தோற்றால், வாங்கிய விலையுயர்ந்த வீட்டில் இருந்துகொண்டே பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தொலைவை மூன்று வட்டங்களாகப் பார்க்கிறார்கள்: ஒரு கிலோமீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டுக்குள், இரண்டுக்கு அப்பால். முதலில் குடியுரிமை, அதன் பிறகே தொலைவு. அதாவது, தொலைவில் வசிக்கும் குடிமகப் பிள்ளைக்கு, பள்ளி வாசலில் வசிக்கும் நிரந்தரவாசிப் பிள்ளையைவிட முன்னுரிமை. உங்கள் மகள் குடிமகள் என்பதால் கவலையில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்ற நிரந்தரவாசிக் குடும்பங்கள் வீடு பார்க்கும் முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முகவரி காட்டித் தொலைவு முன்னுரிமை பெற்றால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் பிள்ளை அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். மகளுக்குப் பதிவு 2029 நடுப்பகுதியில் என்றால், 2031 இறுதிவரை அங்கேயே இருக்க வேண்டும். வீவக வீட்டுக்கு எப்படியும் ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் இருப்பதால் இது உங்களுக்குப் பெரிய தடையாக இராது. அங்கு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் குடியிருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். விதியை மீறியது தெரியவந்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், அந்த வயதில் நண்பர்களை விட்டுப் பிரியும் தண்டனை பெற்றோருக்கு அல்ல, பிள்ளைக்கு.

தொண்டூழிய வழியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். முந்தைய ஆண்டிலேயே பள்ளியில் சேர்ந்து, குறைந்தது 40 மணி நேரம் பணியாற்ற வேண்டும். பள்ளி உங்களை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கே உறுதி இல்லை, ஏற்றுக்கொண்டாலும் 2பி கட்டத்திலும் குலுக்கல் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எனக்கு அது பொருந்திவரவில்லை.

பலர் கவனிக்காத ஒரு வழி, கல்வி அமைச்சே நடத்தும் பாலர் பள்ளிகள். தொடக்கப்பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே, அதன் மேற்பார்வையில் இயங்கும் அமைச்சின் பாலர் பள்ளியில் பிள்ளை படித்தால், அந்தத் தொடக்கப்பள்ளிக்கு 2ஏ கட்டத்திலேயே பதிவு செய்யலாம். அங்கு தமிழும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் உங்களுக்கு நேரம் அதிகமில்லை: மகள் 2028இல் பாலர் வகுப்பு ஒன்றில் சேர்வாள், அதற்கான பதிவு 2027இலேயே நடந்துவிடும், அங்கும் குடியுரிமையும் தொலைவும் பார்க்கப்படும். வீடு வாங்கும் முடிவைத் தொடக்கநிலை ஒன்றைக் கொண்டு கணக்கிடாமல், இந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடுங்கள்.

குத்தகைக்கணக்கன் எழுதியது:

பள்ளியை ஒதுக்கிவிட்டு அந்த பீஷான் வீட்டை வெறும் வீடாக மட்டும் பாருங்கள். குத்தகை 1987இல் தொடங்கியதென்றால் 99 ஆண்டுகளில் இப்போது மீதமிருப்பது சுமார் 60. வாங்குபவர்களில் இளையவர் உங்கள் மனைவி, வயது 33. இரண்டையும் கூட்டினால் 93. மீதமுள்ள குத்தகை, வாங்குபவர்களில் இளையவரின் 95 வயதுவரை நீடித்தால்தான் மத்திய சேம நிதியை (சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் கட்டாயச் சேமிப்பை) முழு அளவில் பயன்படுத்தலாம் என்பது 2019 மே முதல் நடப்பிலுள்ள விதி. உங்களுக்கு இரண்டு ஆண்டு குறைகிறது. ஆக, சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கு விகிதப்படி உச்சவரம்பு வரும். வீவகவிடம் கடன் வாங்கினால் அதன் அளவும் இதே அளவுகோலால் குறையும். வேறுபாடு சிறிதுதான், ஆனால் ரொக்கமாகப் போட வேண்டிய தொகை கூடும். முகவர் காட்டிய மாதத் தவணைக் கணக்கில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது, விற்கும்போது என்ன ஆகும் என்பது. மகள் தொடக்கப்பள்ளியை முடிப்பது 2035இல். அப்போது அந்த வீட்டுக்கு ஏறத்தாழ 50 ஆண்டுக் குத்தகையே மீதமிருக்கும். அன்று வாங்க வரும் இளம் தம்பதியர் உங்களைக் காட்டிலும் கடுமையான சேமநிதி வரம்பைச் சந்திப்பார்கள். பள்ளிக்காக விலை இறங்காது என்ற வாதம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, நம் இனத்தவர் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் அல்லாத ஒருவரின் வீட்டை நீங்கள் வாங்க முடியாது. வாங்கும்போது இது தெரிந்துவிடும். விற்கும்போது வரும் சிக்கல்தான் பலருக்குப் புரிவதில்லை. புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தால், உங்கள் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்க இயலாது. சீனம் மட்டும் கற்பிக்கும் பள்ளிகளைச் சுற்றியுள்ள வீட்டுக்கு யார் கூடுதல் விலை கொடுக்க வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நீங்கள், அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கே விற்க முடியாமல் போகலாம். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்தால் இன்றைய நிலவரம் தெரியும், மாதந்தோறும் அது மாறும்.

பொங்கோல் வீட்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கவில்லை. குத்தகையைப் பொறுத்தவரை அது நல்ல வீடு. ஆனால் பொங்கோல், செங்காங் போன்ற இளம் நகரங்களில் சிறு பிள்ளைகள் மிக அதிகம் என்பதால், பெயரில்லாத பள்ளியாயிற்றே, எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

மனைவியின் பெற்றோர் அங் மோ கியோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி அருகாமை மானியம் உண்டு. பெற்றோர் நிரந்தரவாசிகளாக இருந்தாலும் போதும். அங் மோ கியோவையே ஏன் பார்க்கவில்லை?

வாடகைவீட்டுக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சிறப்பு உதவித் திட்டம் பற்றி முகவரிடம் கேட்டேன். “பிள்ளை சீனம் படித்தால் எதிர்காலத்துக்கு நல்லதுதானே” என்று பதில் வந்தது. அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

அங் மோ கியோவைத் தவிர்த்ததற்கு, அங்குள்ள பெரும்பாலான வீடுகள் பீஷானைவிடவும் பழையவை என்பதே காரணம். மாமியாரும் மாமனாரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மனமுவந்து முன்வருகிறார்கள் என்பதையும் மறைக்க முடியாது. இருவரும் வேலைக்குச் செல்லும் எங்களுக்கு அது பெரிய உதவி. பள்ளியின் பெயரை விட்டுவிட்டால், பிறகு எதை வைத்துத்தான் வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது?

காலாங் கரை எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் “பள்ளிக்காக வீடு வாங்காதே” என்ற முடிவுக்கு இந்த உரையாடல் போய்விடுமோ என்று தோன்றுவதால் சற்று மாறுபட்டு எழுதுகிறேன். பள்ளியின் பெயருக்காக வாங்குவதுதான் வீண். பள்ளியின் அருகாமைக்காக வாங்குவது வீணன்று. பள்ளி காலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது, தொடக்கப்பள்ளிகள் பொதுவாகப் பிற்பகல் ஒன்றரை மணி அளவில் விடுகின்றன. நடந்து போகும் தொலைவில் பள்ளி இருந்தால் பிள்ளை காலையில் கூடுதலாக அரை மணி நேரம் தூங்கும். மூன்றாம் நான்காம் வகுப்பில் தானாகவே வீடு திரும்பவும் பழகிவிடும். அந்த வசதிக்கு நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பேன், கொடுத்தும் இருக்கிறேன்.

பெயருக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம், தொலைவு முன்னுரிமை தொடக்கநிலை ஒன்றோடு முடிந்துவிடுகிறது என்பதே. உயர்நிலைப்பள்ளிக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்தான் முக்கிய வழி. 2021 முதல் அது 4இலிருந்து 32 வரையிலான அடைவுநிலைக் கணக்காக இருக்கிறது. இரு மாணவர்கள் சமமாக வந்தால் குடியுரிமை, விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல் என்று போகும். வீடு எங்கே இருக்கிறது என்று அங்கு யாரும் கேட்பதில்லை. ஆறு ஆண்டுப் படிப்புக்காக 25 ஆண்டுக் கடன் வாங்குகிறோம் என்பதை மனத்தில் வையுங்கள்.

பள்ளியும் அசையாத பொருளன்று. பார்க்கர் சாலையில் இருக்கும் ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி, 2030இல் மேற்கிலுள்ள புதிய நகரான தெங்காவுக்கு இடம்பெயர்ந்து இருபாலர் பள்ளியாக மாறவிருப்பதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பள்ளியை நம்பி அக்கம்பக்கத்தில் வாங்கியவர்களின் வீடு அங்கேயே இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை இணைப்பதும் நடக்கிறது.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால், தாத்தா பாட்டி நடந்தோ ஒரே பேருந்தில் ஏறியோ போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டும் முதலில் வரைபடத்தில் குறிப்பேன். அந்த எல்லைக்குள், தமிழ் கற்பிக்கும், சென்ற சில ஆண்டுகளில் 2சி கட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் குலுக்கல் இல்லாமல் இடம் கிடைத்த பள்ளிகள் எவை என்று பார்ப்பேன். ஒவ்வோர் ஆண்டின் நிலவரத்தையும் அமைச்சு வெளியிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பள்ளி மட்டுமல்ல, குறைந்தது இரண்டு பள்ளிகளாவது ஒரு கிலோமீட்டருக்குள் வரும் புளோக்குகளில் வீடு தேடுவேன். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றொன்று இருக்கும். மாணவர் பராமரிப்பு நிலையம் பள்ளிக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாத்தா பாட்டி ஊருக்குப் போகும் மாதங்களில் அது கைகொடுக்கும்.

அங் மோ கியோ வீடுகள் பழையவை என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் மானியத்துக்கான நான்கு கிலோமீட்டர் வட்டம் அங் மோ கியோவோடு நின்றுவிடுவதில்லை. மாமனார் வீடு நகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஈசூனின் தென்பகுதியோ, ஹவ்காங்கின் ஒரு பகுதியோ, சிராங்கூனோ அதற்குள் வரலாம். அங்கெல்லாம் ஓரளவு புதிய வீடுகள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன.

தெம்பனிஸ் தாய் எழுதியது:

ஒரு சிறு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். அந்த ஒரு கிலோமீட்டர் என்பது நேர்கோட்டுத் தொலைவு. நடக்கும் தொலைவு அன்று. 2022 முதல் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள் என்பதால் முன்பு வட்டத்துக்கு வெளியே இருந்த சில புளோக்குகள் உள்ளே வந்துவிட்டன. பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம். ஒன்மேப் வரைபடத்தில் வீட்டின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எந்தெந்தப் பள்ளிகள் எந்த வட்டத்தில் வருகின்றன என்று காட்டும். அதைப் பார்த்த பிறகு, வேலைநாளில் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டிலிருந்து பள்ளி வாசல்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நாங்கள் முதலில் விரும்பிய வீடு வரைபடத்தில் 700 மீட்டர். இடையில் விரைவுச்சாலை குறுக்கிட்டதால் மேம்பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதைவிடத் தள்ளியிருந்த வீட்டைத்தான் வாங்கினோம். அங்கிருந்து பள்ளிவரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறது.

வாடகைவீட்டுக்காரன் எழுதியது:

மாமனார் வீடு அங் மோ கியோ அவென்யூ 3இன் கிழக்குப் பக்கம். ஆகவே, சிராங்கூன் வடக்கும் ஹவ்காங்கின் மேற்குப் பகுதியும் நான்கு கிலோமீட்டருக்குள் வரும் என்று நினைக்கிறேன். 2027 பாலர் பள்ளிப் பதிவுக்கு முன் சாவி கைக்கு வர வேண்டும் என்பதால், இந்த வாரமே அங்குள்ள பள்ளிகளை அழைத்துத் தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்கப்போகிறோம். புளோக் வாரியாக இன விகிதத்தைப் பார்த்துவிட்டு, ஐயம் எழுந்தால் இங்கேயே மீண்டும் எழுதுகிறேன்.